பன்னிரண்டு வால்வுகளை ஆள நான்கு கம்பிகள் போதும்

தானியங்கிப் பாசனப் பெட்டியில் கால்களைப் பெருக்கும் முறைகள்

மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடியுமுன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். மொட்டு விரிந்துவிட்டால் மல்லிகையின் விலை இறங்கிவிடும். ஆகவே இருட்டோடு இருட்டாகப் பறித்து, பொழுது புலர்வதற்குள் பூவைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். 2013-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு ஊரெல்லாம் பெயர் உண்டு. ஆனால் அந்தப் பூவை விளைவிக்கும் குடும்பத்துக்கு இரவுத் தூக்கம் இல்லை. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவில் எழுந்து மோட்டார் போட வேண்டும். ஒரு பகுதி நனைந்ததும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து, அந்த வால்வை மூடி அடுத்த வால்வைத் திறக்க வேண்டும். பாம்புக்கும் பயம், ஈரக் கையால் ஸ்விட்ச்சைத் தொடுவதற்கும் பயம்.

இந்தச் சிரமத்தைக் குறைக்கத் தானியங்கிப் பாசனப் பெட்டிகள் வந்துள்ளன. கம்பெனிகள் விற்பவை ஒருபுறம் இருக்க, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்த பிள்ளைகளும் உள்ளூர் எலக்ட்ரீஷியன்களும் சிறிய 'மைக்ரோ கன்ட்ரோலர்' போர்டுகளை வாங்கித் தாங்களே பெட்டி கட்டித் தருகிறார்கள். செலவு குறைவு. ஆனால் வேலையைத் தொடங்கியதும் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். தோட்டத்தில் வால்வுகள் அதிகம். போர்டில் கம்பி பொருத்தும் இடங்கள் குறைவு. இந்தக் குறையைச் சில பத்து ரூபாய் பெறும் உதிரி பாகங்களைக் கொண்டே தீர்க்கலாம். ஆனால் முறை தவறினால் குழாய் வெடிக்கும், மோட்டார் புகையும். பெட்டியைக் கட்டுபவருக்கு மட்டுமின்றி, பணம் கொடுத்துக் கட்டச் சொல்லும் விவசாயிக்கும் இதன் அடிப்படை தெரிந்திருப்பது நல்லது.

கால் என்பது என்ன?

மைக்ரோ கன்ட்ரோலர் என்பது கட்டைவிரல் நகத்தளவே உள்ள ஒரு கணிப்பொறி. அதன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கால்களை மெக்கானிக்குகள் 'பின்' என்பார்கள். ஒவ்வொரு காலும் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். 'தண்ணீர் இருக்கிறதா, இல்லையா' என்று வெளியிலிருந்து கேட்டுக்கொள்ளும் கால் உள்ளீட்டுக் கால். 'வால்வைத் திற, மூடு' என்று கட்டளை இடும் கால் வெளியீட்டுக் கால். ஒரு வால்வுக்கு ஒரு கால், ஒரு விசைக்கு ஒரு கால் என்று கொடுத்துக்கொண்டே போனால் கால்கள் விரைவில் தீர்ந்துவிடும்.

2005-ம் ஆண்டில் இத்தாலியில் உருவாகி உலகெங்கும் பரவிய 'அர்டுயினோ' வகைப் போர்டுகள் நம் ஊர் மாணவர்களிடமும் உள்ளன. அவற்றில் 'ஊனோ' என்ற சாதாரணப் போர்டில் 20 கால்கள் உண்டு. இரண்டு கால்கள் கணிப்பொறியுடன் பேசுவதற்கு வேண்டும். ஆக, கைக்கு எட்டுபவை 18.

ஒரு தோட்டத்தின் கணக்கு

பங்காளிகள் மூவர் பங்குக் கிணற்றை வைத்துக்கொண்டு 4 ஏக்கரில் மல்லிகை வளர்ப்பதாகக் கொள்வோம். சொட்டுநீர்க் குழாய் போட்டு, மூன்றில் ஒரு ஏக்கருக்கு ஒரு வால்வு வீதம் 12 வால்வுகள் வைத்திருக்கிறார்கள். கால் கணக்கு இப்படி வரும்.

வால்வுகளுக்கு 12. மோட்டார் போட ஒன்றும் நிறுத்த ஒன்றுமாக 2. கிணற்று நீர்மட்டம் மேலும் கீழும் பார்க்க 2, மின்முனைகள் சரியாக வருகின்றனவா என்று பார்க்க 1, குழாயின் அழுத்தம் பார்க்க 1, ஓடும் தண்ணீரை அளக்கும் மீட்டருக்கு 1, ஆக 5. நேரம் குறித்துக் கொடுக்கும் 16 விசைகளுக்கு 16. எழுத்துகள் தெரியும் சிறு திரைக்கு 6. கொட்டகையை ஒட்டிய பகுதியில் மூன்று இடங்களில், இரண்டு ஆழங்களில் மண் ஈரம் பார்க்கும் கருவிகளுக்கு 6. கைபேசிச் செய்தி அனுப்பும் மோடத்துக்கு 2. மொத்தம் 49 கால்கள்.

இருப்பது 18, வேண்டுவது 49. அடுத்துச் செய்ய வேண்டியது என்ன?

பெரிய போர்டு வாங்கலாமா?

வாங்கலாம். அதே வகையில் 'மெகா' என்ற பெரிய போர்டில் 54 கால்களும், அளவு பார்க்கும் கால்கள் 16-ம் உண்டு. அவசரத்துக்கு இது சுலபமான வழிதான். விலை கூடுதல் என்பது ஒரு குறை. 49 கம்பிகளையும் ஒரே போர்டில் செருகினால், பழுது வந்த நாளில் எந்தக் கம்பி எதனுடையது என்று தேடுவதே பெரும்பாடு என்பது இன்னொரு குறை. நாளைக்கு இன்னும் ஒரு ஏக்கர் சேர்த்தால் மறுபடியும் அதே கதைதான்.

மாட்டுத்தாவணி என்ற பெயரே மாட்டுச் சந்தை கூடிய இடம் என்பதைச் சொல்லும். களத்தில் கதிர் மிதிக்கப் பிணையல் கட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரே தாம்புக் கயிற்றில் நான்கைந்து மாடுகளைப் பிணைத்து ஒருவரே ஓட்டிவிடுவார். மாட்டுக்கு ஒரு ஆள் வேண்டியதில்லை. கால்களைப் பெருக்கும் வித்தையும் இதுதான். சில கம்பிகளைக் கொண்டு பல வேலைகளை ஓட்டுவது.

முதல் முறை: கைமாற்றும் ஐ.சி.

மார்க்கெட்டில் லாரியிலிருந்து கூடை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். எட்டுப் பேர் வரிசையாக நிற்பார்கள். முதல் ஆளிடம் ஒரு கூடை வரும். ஒரு விசில் ஊதினால் ஒவ்வொருவரும் தம் கையில் உள்ளதை அடுத்தவருக்கு மாற்றுவார்கள். எட்டு விசிலில் எட்டுப் பேர் கையிலும் கூடை சேர்ந்துவிடும். பிறகு 'வை' என்று ஒரு குரல் கொடுத்தால் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தம் முன்னால் உள்ள மேடையில் வைப்பார்கள். அந்தக் குரல் வரும் வரை மேடையில் பழைய கூடைகளே இருக்கும்.

'74 ஹெச்.சி. 595' என்ற ஐ.சி. செய்வது இதே வேலைதான். நிறைந்த கூடை என்றால் 'திற', வெறும் கூடை என்றால் 'மூடு' என்று வைத்துக்கொள்ளலாம். கூடை வரும் கம்பி ஒன்று, விசில் கம்பி ஒன்று, 'வை' என்று சொல்லும் கம்பி ஒன்று. மூன்று கம்பிகளில் எட்டு வெளியீடுகள் கிடைக்கின்றன. எட்டாவது ஆளின் கையிலிருந்து இன்னொரு வரிசையின் முதல் ஆளுக்குக் கூடையை மாற்றினால் பதினாறு ஆகிறது. கம்பி மட்டும் அதே மூன்றுதான். பதினாறு கூடையும் கைமாறக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது.

நமது தோட்டத்துக்கு இரண்டு ஐ.சி. வைத்தால் 16 வெளியீடுகள். வால்வுக்கு 12 போக 4 மீதம். இந்த ஐ.சி.யில் 'கதவு' போன்ற ஒரு கால் உண்டு. அதற்கும் ஒரு கம்பி கொடுக்க வேண்டும். ஏன் என்பது பின்னால் வருகிறது. ஆக, 12 வால்வுகளுக்கு 4 கம்பிகள்.

இதற்கு நேர் எதிராக, பல விசைகளின் நிலையை உள்ளே வாங்கி வரிசையாக அனுப்பும் '74 ஹெச்.சி. 165' என்ற ஐ.சி.யும் உண்டு. வால்வு உண்மையிலேயே திறந்ததா என்று திருப்பிப் பார்க்க விரும்புவோருக்கு அது உதவும்.

இரண்டாம் முறை: பெயர் சொல்லி அழைப்பது

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி ஒன்று ஒரு பஸ்ஸின் பெயரைச் சொல்லி அழைத்தால் அறிவிப்பு எல்லோர் காதிலும் விழும். ஆனால் அந்த பஸ்ஸின் நடத்துநர்தான் எழுந்து போவார். மற்றவர்கள் பேசாமல் இருப்பார்கள்.

இதே ஏற்பாட்டை 1982-ல் நெதர்லாந்து நாட்டின் பிலிப்ஸ் கம்பெனி ஐ.சி.க்களுக்குச் செய்தது. டெலிவிஷன் பெட்டிக்குள் கம்பிக் காட்டைக் குறைக்க ஏற்பட்ட இந்த முறைக்கு 'ஐ-ஸ்கொயர்-சி' என்று பெயர். இரண்டே கம்பிகள். ஒன்றில் செய்தி போகும். மற்றது தாளம் போடும். இந்த இரு கம்பிப் பாதைக்கும் 'பஸ்' என்றே பெயர் வைத்திருப்பது வேடிக்கையான பொருத்தம். ஒவ்வொரு ஐ.சி.க்கும் ஒரு முகவரி எண் உண்டு. தன் எண் வந்தால் மட்டும் அது பதில் சொல்லும்.

இவ்வகையில் 'பி.சி.எஃப். 8574' என்ற ஐ.சி. எட்டுக் கால்களைத் தரும். 'எம்.சி.பி. 23017' பதினாறு கால்களைத் தரும். இவற்றின் கால்களை உள்ளீடாகவும் வெளியீடாகவும் வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு வசதி. முகவரியை மாற்ற மூன்று கால்கள் இருப்பதால் ஒரே பாதையில் ஒரே வகை ஐ.சி. எட்டு வரை சேர்க்கலாம். எட்டு 23017 சேர்த்தால் 128 கால்கள். சிறு விவசாயிக்கு இதற்கு மேல் தேவை இராது.

கடையில் வாங்கும் சிறு திரைகள் பலவற்றின் முதுகில் ஒரு சிறு பச்சை அல்லது கறுப்புப் பலகை ஒட்டியிருப்பதைக் காணலாம். அதில் இருப்பது பெரும்பாலும் இந்த 8574-தான். ஆறு கால்கள் கேட்கும் திரையை இரண்டு கம்பியில் அடக்கிவிடுகிறது.

பாலிடெக்னிக்கில் 8085 படித்த மூத்தவர்களுக்கு '8255' என்ற பெரிய ஐ.சி. நினைவிருக்கும். அதுவும் 24 கால்களைப் பெருக்கித் தந்ததுதான். ஆனால் அதை இயக்கவே கற்றையாகக் கம்பிகள் வேண்டியிருந்தன. அந்த வேலையை இன்று இரண்டு கம்பிகள் செய்கின்றன.

மூன்றாம் முறை: கட்டமும் மாற்றுப் பாதையும்

பதினாறு விசைகளுக்குப் பதினாறு கால்கள் வேண்டியதில்லை. நெல் நாற்றை வரிசை பிடித்து நடுவதுபோல் நீளவாக்கில் நான்கு, குறுக்குவாக்கில் நான்கு கம்பிகள் வைத்து, அவை சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு விசை வைத்தால் எட்டுக் கம்பியில் பதினாறு விசைகள் அடங்கும். அந்த எட்டையும் ஒரு 8574-ல் பொருத்திவிட்டால் போர்டில் புதிதாக ஒரு காலும் செலவாகாது. திரைக்குப் போகும் அதே இரண்டு கம்பிகளிலேயே இதுவும் சேர்ந்துகொள்ளும். திரைக்கு ஒரு முகவரி, விசைகளுக்கு வேறு முகவரி இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி இரண்டு பேச்சும் கெடும்.

மண் ஈரம் பார்க்கும் கருவிகள் 'உண்டு, இல்லை' என்று சொல்வதில்லை; எவ்வளவு என்று அளவு சொல்கின்றன. இவற்றுக்கு 'சி.டி. 4051' என்ற ஐ.சி. பொருந்தும். எட்டு வாய்க்கால்களில் ஒன்றை மட்டும் பெரிய வாய்க்காலில் திறந்துவிடும் மடை போன்றது இது. எந்த மடை என்று சொல்ல மூன்று கம்பிகள், அளவைக் கொண்டுவர ஒரு கம்பி. முன்னே 595-ல் நான்கு வெளியீடுகள் மீந்தன அல்லவா? அவற்றில் மூன்றை இந்த மடைக்குக் கொடுத்துவிட்டால் போர்டில் செலவாகும் கால் ஒன்றே ஒன்றுதான்.

இப்போது கணக்கைத் திரும்பப் பார்க்கலாம். வால்வுகளுக்கு 4, ஈரக் கருவிகளுக்கு 1, திரைக்கும் விசைகளுக்கும் சேர்த்து 2, மோட்டாருக்கு 2, காவல் உள்ளீடுகளுக்கு 5, மோடத்துக்கு 2. மொத்தம் 16. பதினெட்டில் இரண்டு கால்கள் மீதம். 49 கேட்ட தோட்டம் சிறிய போர்டிலேயே அடங்கிவிட்டது.

ஐ.சி. வால்வைத் தூக்காது

இந்த ஐ.சி.க்கள் கட்டளை மட்டுமே சொல்லும். சுமை தூக்கும் பலம் அவற்றுக்கு இல்லை. 5 வோல்ட் ரிலே ஒன்றுக்கு ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 595 ஐ.சி. முழுவதற்குமே உச்ச வரம்பு அவ்வளவுதான். ரிலேயை நேரே மாட்டினால் ஐ.சி. சூடாகிச் சாகும். நடுவில் 'யு.எல்.என். 2803' என்ற ஓட்டும் ஐ.சி. வைக்க வேண்டும். இதில் எட்டு வழிகள் உண்டு. 12 வால்வுகளுக்கு இரண்டு வேண்டும். ரிலே, அதன் பிறகு 24 வோல்ட் சொலினாய்டு வால்வு என்பதே சரியான வரிசை. ஈர மண்ணில் ஓடும் வால்வுக் கம்பியில் 230 வோல்ட் மின்சாரத்தை ஒருபோதும் விடக் கூடாது.

8574 ஐ.சி.யைக் கொண்டு ரிலே இயக்குவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அது மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்; வெளியே தள்ளும் சக்தி மிகக் குறைவு. ஆகவே 'தாழ்நிலை' வரும்போது இயங்கும் வகை ரிலேப் போர்டே அதற்குப் பொருந்தும்.

மின்சாரம் திரும்பி வரும் நேரம்

கால்களைப் பெருக்குவதில் உள்ள பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கிராமத்தில் மின்சாரம் போவதும் வருவதும் புதிதல்ல. 595 ஐ.சி.க்கு மின்சாரம் போனால் நினைவும் போய்விடும். மின்சாரம் திரும்பிய கணத்தில் அதன் எட்டு வெளியீடுகளும் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று வால்வு திறக்கலாம். எல்லாம் மூடியும் இருக்கலாம். போர்டு விழித்துக்கொண்டு புதிய கட்டளை அனுப்பும் வரை அதே நிலைதான்.

நள்ளிரவில் மின்சாரம் வந்து, ஸ்டார்ட்டரில் உள்ள ஆட்டோ ஸ்விட்ச் மோட்டாரை ஓட விட்டு, வால்வுகள் எல்லாம் மூடிக் கிடந்தால் என்ன ஆகும்? தண்ணீர் போக வழியின்றி அழுத்தம் ஏறும். பி.வி.சி. குழாயின் இணைப்பு எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொள்ளும். விடியும்போது ஒரு பாத்தி குளமாகவும் மற்ற பாத்திகள் காய்ந்தும் கிடக்கும். பங்குக் கிணற்றில் அன்றைய முறைத் தண்ணீர் யாருக்கும் இல்லாமல் போகும். பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் வர வேறு காரணம் வேண்டியதில்லை.

இதைத் தடுக்கும் வழி எளியது. மேலே சொன்ன 'கதவு'க் காலை 10 ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் மூலம் 5 வோல்ட்டுடன் இணைத்துவிட வேண்டும். கதவு தானாக மூடியிருக்கும். ஐ.சி.க்குள் என்ன குழப்பம் இருந்தாலும் வெளியே வராது. போர்டு விழித்ததும் முதலில் எல்லாம் 'மூடு' என்று அனுப்பி, அதன் பிறகே கதவைத் திறக்க வேண்டும். ஒரு ரெசிஸ்டரும் ஒரு கம்பியும் மிச்சம் பிடிக்கப் போய்த் தோட்டத்தைக் குளமாக்கிக் கொள்ளலாகாது. 23017 ஐ.சி. மின்சாரம் வந்ததும் எல்லாக் கால்களையும் உள்ளீடாக வைத்துக்கொள்ளும். 8574 எல்லாவற்றையும் 'உயர்நிலை'யில் வைக்கும். ஆகவே எந்த ஐ.சி.க்கு எந்த வகை ரிலே என்பதைக் கட்டுபவர் பார்த்துப் பொருத்த வேண்டும்.

ஸ்டார்ட்டரின் ஆட்டோ ஸ்விட்ச்சை எடுத்துவிட்டு, மோட்டார் போடும் உரிமையைப் பெட்டிக்கு மட்டும் கொடுப்பதும் அவசியம். முதலில் வால்வு திறக்க வேண்டும். சில விநாடி கழித்து மோட்டார் ஓட வேண்டும். பகுதி மாறும்போது புதிய வால்வைத் திறந்த பின்னரே பழையதை மூட வேண்டும். முடிக்கும்போது மோட்டாரை நிறுத்திய பின்னரே கடைசி வால்வை மூட வேண்டும்.

எந்தக் கம்பி நேரே வர வேண்டும்?

எல்லாவற்றையும் பெருக்கும் ஐ.சி. வழியாக அனுப்பிவிடலாம் என்று நினைப்பது தவறு. நடுவில் ஒரு ஆள் நின்றால் சொல் வந்து சேரத் தாமதம் ஆகும். அந்த ஆள் படுத்துவிட்டால் சொல்லே வராது. வால்வு, விசை, திரை, ஈரக் கருவி ஆகியவை ஒரு விநாடி தாமதித்தாலும் கெடுதல் இல்லை. இவற்றைப் பெருக்கும் ஐ.சி.யில் விடலாம்.

மோட்டார் கட்டளை, நீர்மட்டம், அழுத்தம், மின்முனை ஆகியவை போர்டின் சொந்தக் காலுக்கு நேரே வர வேண்டும். தண்ணீர் மீட்டரும் அப்படியே. அது துடிப்புத் துடிப்பாகச் செய்தி அனுப்பும். போர்டு வேறு வேலையில் இருந்தாலும் துடிப்பைத் தவறவிடாமல் எண்ணும் கால்கள் தனியே உண்டு. ஊனோவில் 2-ம் காலும் 3-ம் காலும் அத்தகையவை. மேலே போட்ட கணக்கில் இந்த ஏழுக்கும் தனித்தனிக் கால் விட்டது இதனால்தான்.

அதற்கும் மேலே ஒன்று. போர்டே நின்றுபோனாலும் மோட்டார் பிழைக்க வேண்டும். ஆகவே ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே, சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ஆகியவற்றைக் கழற்றவே கூடாது. 'பெட்டிதான் பார்த்துக்கொள்கிறதே' என்று அவற்றை எடுத்துவிடுவது காவல்காரனை வைத்துவிட்டுக் கதவைக் கழற்றுவது போன்றது. அழுத்த ஸ்விட்ச்சை ஸ்டார்ட்டரின் நோ வோல்ட் காயில் இணைப்பிலும் சேர்த்துவிட்டால், அழுத்தம் மீறியதும் யார் கட்டளையும் இன்றி மோட்டார் நிற்கும். கைப்பிடியால் திறக்கும் பழைய கேட் வால்வுகளும் தோட்டத்தில் இருக்கட்டும். பெட்டி பழுதான நாளில் பயிர் காத்திருக்காது.

தோட்டத்துக்குள் இழுக்க வேண்டாம்

ஐ-ஸ்கொயர்-சி இரு கம்பிப் பாதை ஒரு பெட்டிக்குள் பேசிக்கொள்வதற்காக ஏற்பட்டது. ஓரிரு மீட்டருக்கு மேல் இழுத்தால் செய்தி சிதைந்துபோகும். இதைத் தெரியாமல் நூறு மீட்டர் தள்ளியுள்ள வால்வுக்கு அருகே 8574-ஐ வைத்து ஏமாறுபவர்கள் உண்டு. பெருக்கும் ஐ.சி.க்களைக் கொட்டகைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, ரிலேயிலிருந்து 24 வோல்ட் கம்பியை மட்டும் வால்வு வரை கொண்டுபோவதே சிறு தோட்டத்துக்கு ஏற்றது. தோட்டம் நீண்டு கிடந்தால் 'ஆர்.எஸ். 485' என்ற முறையைப் பயன்படுத்தலாம். முறுக்கிய இரட்டைக் கம்பியில், வேகத்தைக் குறைத்து அனுப்பினால் 1,200 மீட்டர் வரை செய்தி போகும். கடைக்கோடியில் இன்னொரு சிறு போர்டும் அதற்கென்று ஒரு பெருக்கும் ஐ.சி.யும் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் செய்ய வேண்டிய சிறு காரியங்கள் சில உண்டு. ஒவ்வொரு ஐ.சி.யின் மின்காலுக்கு அருகிலும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைக்க வேண்டும். ரிலே போடும்போது எழும் அதிர்வில் ஐ.சி. தடுமாறாமல் இது காக்கும். ஐ-ஸ்கொயர்-சி பாதையின் இரு கம்பிக்கும் 4.7 ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் தேவை. வாங்கும் பலகையிலேயே அவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் கம்பியும் செய்திக் கம்பியும் ஒரே குழாயில் போகக் கூடாது. கோடை இடி அதிகமான ஊர்களில் இடிதாங்கும் பாதுகாப்பும் நல்ல எர்த்தும் இன்றி எந்தப் பெட்டியும் நிலைக்காது. எறும்பும் பல்லியும் நுழையாதபடி பெட்டியை அடைக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் சோதனை

பெட்டி கட்டி வந்ததும் வால்வுகளை மாட்டுவதற்கு முன், ஒவ்வொரு வால்வின் இடத்திலும் ஒரு எல்.இ.டி. விளக்கை மாட்டச் சொல்லுங்கள். மோட்டாரை இணைக்க வேண்டாம். இனி பெட்டிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் பத்து முறை போட்டுப் பாருங்கள். ஒரு முறைகூட ஒரு விளக்குகூட மின்னக் கூடாது. மின்னினால் கதவுக் கால் சரியில்லை என்று பொருள்.

அடுத்து, எல்லா வால்வும் மூடிய நிலையில் மோட்டாரைப் போடச் சொல்லிக் கட்டளை கொடுங்கள். பெட்டி மறுக்க வேண்டும். நீர்மட்டக் கம்பியைக் கழற்றுங்கள். மோட்டார் விளக்கு அணைய வேண்டும். கம்பி அறுந்தால் 'தண்ணீர் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும் பெட்டி வேண்டாம். திரைக்குப் போகும் கம்பியைப் பிடுங்குங்கள். திரை மட்டும் இருளலாம். பாசனம் குழம்பக் கூடாது.

கம்பிகளின் வரைபடம் ஒன்றும் நிரலின் பிரதி ஒன்றும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கட்டித் தந்த பிள்ளை வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டால் அடுத்தவர் பழுது பார்க்க அது ஒன்றே துணை. ஒவ்வொரு ஐ.சி.யிலும் உபரியாக ஒன்று வாங்கி வைப்பது நல்லது. ஐ.சி.யை நேரே பற்ற வைக்காமல் தாங்கியில் செருகியிருந்தால் பழையதை எடுத்துப் புதியதைப் போடுவது இரண்டு நிமிட வேலை.

சொட்டுநீர் அமைப்பே இன்னும் போடாதவர்கள் முதலில் அதைக் கவனிக்கலாம். நுண்ணீர்ப் பாசனத்துக்குத் தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு நிர்ணயித்த செலவுத் தொகையில் 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் வழங்கப்படுகிறது. தானியங்கிக் கருவிகளுக்கு அவ்வப்போது உள்ள உதவிகளை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மல்லிகைக்கு எந்தப் பருவத்தில் எவ்வளவு தண்ணீர் என்பதை, 1965-ல் தொடங்கி ஒத்தக்கடை அருகே இயங்கிவரும் மதுரை வேளாண்மைக் கல்லூரியில் கேட்டறிந்து, அதன்படி நேரத்தைக் குறித்துக் கொடுப்பது சிறந்தது. தண்ணீரின் அளவு தெரியாமல் பெட்டி மட்டும் வைத்துப் பயனில்லை.

சுருக்கமாகச் சொன்னால், கால்கள் போதவில்லை என்று பெரிய போர்டு தேட வேண்டியதில்லை. காத்திருக்கக் கூடியவற்றைப் பெருக்கும் ஐ.சி.யிலும், காத்திருக்க முடியாதவற்றை நேர்க் காலிலும் பொருத்த வேண்டும். மின்சாரம் திரும்பும்போது எல்லாம் மூடியே இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக அமைந்தால், இரவில் தண்ணீர் தானே பாய்ந்து முடிந்திருக்கும். வீட்டில் உள்ளவர்கள் சற்றே தூங்கி எழுந்து, விடியுமுன் பூப்பறிக்கப் போகலாம்.